பங்குதாரர்கள் முன்னிலையில் பருப்பு

பணம் போட்டவர்களுக்கு நல்ல செய்தி சொல்ல ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: கையில் நல்ல செய்தி இருக்க வேண்டும். இவ்வளவு எளிய உண்மை எனக்கு எழுபத்தோராம் வயதில்தான் விளங்கியது. அது விளங்குவதற்குள் அறுநூற்று நாற்பது அடி பாறையைத் துளைத்தாயிற்று, ஒரு கேஸ் சிலிண்டரும் தீர்ந்தாயிற்று. மானத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது எவ்வளவு போனது என்று எண்ண முடியவில்லை. மற்றதெல்லாம் எண்ணி வைத்திருக்கிறேன்.

எண்ணுவது என் தொழில். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தேன். பெட்டிக்குள் இரண்டு ஷூ இருக்கிறதா, அதில் ஒன்று இடது, ஒன்று வலதா என்று பார்த்துக் கணக்கு வைப்பேன். (சிரிக்காதீர்கள். இரண்டும் இடதாகவே போய்ச் சேர்ந்து, வெளிநாட்டுக்காரன் எழுதிய கடிதத்தை நான் படித்திருக்கிறேன்.) ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். இட்லி சாப்பிட்டால் மற்றவர்கள் இலையிலிருப்பதையும் சேர்த்து எண்ணுவேன். என் மனைவி சரோஜா இருந்தவரை, "எண்ணினது போதும், முழுங்குங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தது.

பல வருடங்களுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஆம்பூர் பைபாஸிலிருந்து உள்ளே தள்ளி, பசுமைச் சோலை நகர் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு மனைகள் வாங்கினோம். (பசுமை இல்லை, சோலை இல்லை. நகர் என்பதும் கொஞ்சம் ஜாஸ்தி.) ஒன்று எனக்கு. ஒன்று என் தம்பி சுந்தரத்துக்கு. ஒன்று சரோஜாவின் தம்பி குணாவுக்கு. நான்காவது, தொழிற்சாலையில் என் மேசைக்கு எதிர்மேசையில் உட்கார்ந்திருந்த மேல்விஷாரத்து பஷீர் பாய்க்கு. ரிட்டயர் ஆனதும் நான்கு வீடு, நான்கு வாசல், சாயங்காலம் ஒரே டீ என்று பத்திரம் பதிந்த அன்றே பேசி முடித்தோம்.

பேசியபடி நடந்தவன் நான் ஒருவன்தான். வீட்டைக் கட்டிக் குடி போனோம். மகள் கவிதா டப்ளினில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். இரண்டாம் வருடம் சரோஜாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு பசுமைச் சோலை நகரின் மக்கள்தொகையைக் கணக்கெடுப்பது எனக்கு மிகச் சுலபமாகிவிட்டது.

மற்ற மூவரும் சொன்ன காரணம் ஒன்றுதான். "தண்ணி இல்லாத எடத்துல எப்படிண்ணா வூடு கட்றது?" என்பான் சுந்தரம், பெங்களூரில் மகன் வீட்டிலிருந்து. சொல்வது நியாயம்தான். நானே புழங்குவதற்கு டேங்கர் லாரித் தண்ணீரும், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கேன் தண்ணீரும் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆகவே, தண்ணீர் வந்தால் இவர்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். கூட்டல் கழித்தலில் நான் தவறியதே இல்லை.

நான்கு பேரும் பங்கு போட்டு ஒரு ஆழ்துளைக் கிணறு போடலாம் என்றேன். மூவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். யார் மனையில் துளைப்பது என்று வந்தபோது, மூவரும் பெருந்தன்மையோடு என் மனையைக் காட்டினார்கள்.

குணாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆவடியில் குடியிருக்கும் குணா, அதற்கு முன் வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். எண்ணெய் எடுத்த இடத்தில் அல்ல, எண்ணெய் எடுத்தவர்களுக்குச் சப்பாத்தி போட்ட இடத்தில். கேன்டீன் ஸ்டோர் கீப்பர். இருந்தாலும் எண்ணெய்க் கிணற்றைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால், பாறையைப் பல்லால் கடித்துத் துளைத்தவன் மாதிரி இருக்கும்.

"மாமா, அங்கெல்லாம் கெணறு தோண்டும்போது பணம் போட்டவனுக்கு டெய்லி ரிப்போர்ட் போவும்," என்றான். "ஆழம் எவ்ளோ, பாறை இன்னா, முன்னேத்தம் எப்படி, எப்ப உற்பத்தி. ஒருத்தன் ஒக்காந்து எழுதிக்கினே இருப்பான். நீங்க அதே மாதிரி எங்களுக்குப் போடணும்."

எங்களுக்கென்று நால்வர் நகர் என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் நான் தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ அனுப்புவேன். இரண்டு நீலக் கோடு விழும். அவ்வளவுதான். அதற்கு முந்தைய மாதத்தில் எனக்கு வந்த பதில்கள் மொத்தம் இரண்டு. அதில் ஒன்று பஷீர் பாயின் பேத்தி போனை மிதித்தபோது வந்தது.

ரிக் வண்டி ஒரு வியாழக்கிழமை விடியலில் வந்தது. ஒரு லாரியில் இயந்திரம், பின்னால் இன்னொரு லாரியில் குழாய்கள், ஒன்பது ஆட்கள். எங்கள் மக்கள்தொகை ஒரே காலையில் பத்தாக உயர்ந்தது. மேனேஜர் திருச்செங்கோட்டுக்காரர், செல்வகுமார் என்று பெயர். அமைதியான மனிதர். நான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சலவைச் சட்டையோடு உட்கார்ந்து முதல் அறிக்கையை அனுப்பினேன்.

"காலை 7.10. ஆழம் 20 அடி. செம்மண். முன்னேற்றம் திருப்திகரம். இப்படிக்கு, தாமோதரன், களப் பொறுப்பு."

ஒரு நிமிடத்துக்குள் குணாவிடமிருந்து பதில் வந்தது: "ரிசீவ்ட்."

அந்தச் சொல்லை அதற்கு முன் ஆயிரம் தடவை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு இனிமையான சொல் என்று அன்றுதான் தெரிந்தது.

பத்து மணிக்குள் மண் முடிந்து பாறை வந்தது. வெள்ளைப் பொடி பறந்து என் தலை, நாற்காலி, எதிரிலிருந்த வேலிக்காத்தான் செடி எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியது. குணா கேட்டான், "மாமா, சாம்பிள் எங்க? இருபது அடிக்கு ஒரு சாம்பிள் எடுத்து வரிசையா வெச்சு போட்டோ போடுங்க. அப்பதான் பாறையோட ஃபார்மேஷன் தெரியும்."

வீட்டில் எவர்சில்வர் டம்ளர் பன்னிரண்டு இருந்தது. பன்னிரண்டிலும் பாறைப் பொடியை நிரப்பி வராந்தாவில் அடுக்கினேன். டம்ளர் தீர்ந்ததும் கிண்ணம். கிண்ணம் தீர்ந்ததும் குழம்புக் கரண்டி. செல்வகுமார் வந்து வெகுநேரம் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங் சார், பசங்களுக்கு டீ வாங்கியாந்திருக்கறோம். ஊத்திக் குடிக்க டம்ளர் கேக்கலாம்னு வந்தேனுங்."

"எல்லா டம்ளரும் ரிப்போர்ட்ல இருக்கு தம்பி."

"செரிங்க," என்று அவர் போய்விட்டார். ஒன்பது பேரும் டீயைத் தண்ணீர் பாட்டில் மூடியில் ஊற்றி முறை வைத்துக் குடித்தார்கள்.

முந்நூறு அடி வந்தது. தண்ணீருக்கான அறிகுறியே இல்லை, வெறும் பொடிதான். நான் அனுப்பிய அறிக்கைகளுக்குப் பதில்கள் மெலிந்துகொண்டே வந்தன. முதலில் வாக்கியமாக வந்தது, பிறகு கட்டைவிரலானது, அதன் பிறகு நீலக் கோடு மட்டும். பன்னிரண்டரை மணி அறிக்கைக்கு நீலக் கோடுகூட விழவில்லை. பழைய நிலைமைக்கே போய்க்கொண்டிருந்தோம்.

எங்கள் ஷூ தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டு ஆர்டரின் ஏஜென்ட் போனில், "எந்த ஸ்டேஜ்ல இருக்கு?" என்று கேட்டால், தோலே இன்னும் வந்து சேராவிட்டாலும், "ஃபினிஷிங்ல இருக்கு சார்" என்று சொல்ல வேண்டும். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கேட்கிற ஏஜென்டுக்கும் தெரியும். வணக்கம் சொல்வது மாதிரி அது ஒரு மரியாதை. முப்பத்தாறு வருடம் அந்த மரியாதையைச் செய்து பழகிய விரல்கள் தாமாகவே தட்டின:

"மதியம் 12.50. ஆழம் 320 அடி. ஈரம் தென்படுகிறது."

(ஈரம் தென்பட்டது உண்மைதான். ஓர் ஆள் அங்கே கை கழுவியிருந்தான்.)

போன் என் மடியில் துள்ளியது. "அண்ணா, நெஜமாவா?" என்று சுந்தரம். "மாமா, சாமிய வேண்டிக்கினு வெளக்கேத்திட்டேன்" என்று சுந்தரத்தின் மனைவி மல்லிகா. பஷீர் பாய் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினார்: "தோஸ்த், பசங்கள்லாம் சாப்புடாம ஒக்காந்துக்கினு இருக்காங்க உன் ரிப்போர்ட்டுக்காக." குணா, "ஈரம் எத்தனை சதவீதம் மாமா?" என்றான். பத்து நிமிடத்தில் பதினேழு செய்திகள்.

அதன் பிறகு நான் நிறுத்தவில்லை. அரை மணிக்கொரு தரம் நம்பிக்கையைத் தவணை முறையில் வழங்கினேன். "பொடியின் நிறத்தில் வரவேற்கத்தக்க மாற்றம்." "பாறையின் சத்தம் மென்மையடைந்துள்ளது." "ஈரம் தொடர்கிறது."

என் தோளுக்குப் பின்னாலிருந்து செல்வகுமார் எட்டிப் பார்த்தார். "ஈரமெல்லாம் இல்லீங்களே சார். பொடியாத்தான பறக்குதுங்க."

"நீங்க ஓட்டுங்க தம்பி. இது வேற டிபார்ட்மென்ட்."

ஐந்நூறு அடியில் அவர் இயந்திரத்தை நிறுத்தினார். இதற்கு மேல் போவதா வேண்டாமா என்று உரிமையாளர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். குழுவில் கேட்டேன். மூவரும் ஒரே குரலில் கொதித்தார்கள். ஈரம் இவ்வளவு வந்த பிறகு எவனாவது நிறுத்துவானா என்று கேட்டார்கள். "அங்கெல்லாம் இந்த நெலமைல நிறுத்தினா வேலைய விட்டே தூக்கிடுவான் மாமா," என்றான் குணா. நான் விளைவித்த ஈரத்தில் நானே மாட்டிக்கொண்டு, "ஓட்டுங்க தம்பி" என்றேன். பயத்தில் வாய் உலர்ந்துவிட்டது. அந்த மனையிலேயே மிகவும் வறண்டிருந்தது அப்போது அதுதான்.

அறுநூற்று நாற்பதாவது அடியில் குழாய்க்குள் ஏதோ இருமியது. அடுத்த நொடி சாம்பல் நிறச் சேறு ஆளுயரத்துக்கு எழும்பி என் மேல் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர். நாற்காலி கவிழ்ந்து, செருப்பு ஒன்று போய், ஈர விரலால் நான் அனுப்பிய அறிக்கையில் நேரமும் இல்லை, ஆழமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

"தண்ணி."

"ரெண்டு இஞ்ச் வருதுங்க சார்," என்றார் செல்வகுமார். "நாலு வூட்டுக்குத் தாராளமுங்க."

நாலு வீட்டுக்கு. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். எதுவும் சொல்லவில்லை. ஓஸ் பைப்பைச் சுருட்டப் போய்விட்டார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறவனுக்குக் கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை.

அன்று சாயங்காலம் குழுவில் மற்ற மூன்று வீடும் எழும்பிவிட்டன. முட்டிவலி இருப்பதால் தனக்கு மாடி வேண்டாம் என்றான் குணா. நம் இரண்டு பேர் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன கேட் வைத்துவிடு, டீக்குச் சுற்றிக்கொண்டு வர முடியாது என்றார் பஷீர் பாய். "எங்க சமையக்கட்டு எந்தப் பக்கம் மாமா வரும்?" என்று கேட்டாள் மல்லிகா. மறுநாள் காலையில் நான் சுண்ணாம்புப் பொடி வாங்கி வந்து, காலி மனைகளில் அவரவர் சமையலறை வருகிற இடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். பிறகு என் சமையலறை ஜன்னலில் நின்று, கூப்பிட்டால் கேட்கிறதா என்று சோதிக்க, "மல்லிகா! கொஞ்சம் மோர் இருக்குதாம்மா?" என்று கத்திப் பார்த்தேன். அவள் சமையலறையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. கேட்கிறது.

மோட்டார் இறக்கி, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் திறப்பு விழா வைத்தேன். பங்குதாரர்கள் அனைவரும் வீடியோ காலில் வந்தார்கள். போன் திரையில் நான்கு கட்டம். ஒன்றில் நான். ஒன்றில் சுந்தரமும் மல்லிகாவும். ஒன்றில் குணா, அலமாரியில் எங்கிருந்தோ தேடி எடுத்த கம்பெனித் தொப்பியோடு. நான்காவதில் மேல்விஷாரத்து வீட்டுக் கூடத்தில் பஷீர் பாயும், அவருக்குப் பின்னால் அவர் குடும்பமும். ஸ்விட்சைத் தட்டினேன். குழாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பஷீர் பாய் கேட்டார்: "பாக்கறதுக்கு அழகாத்தான் கீது தோஸ்த். பருப்பு வேவுமா?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருக்கலாம். எங்கள் பாலாற்றுப் பக்கத்தில் இதைக் கேட்காமல் வாடகைக்கு வீடு பார்ப்பதில்லை. சம்பந்தம் பேசப் போனாலும் பையனின் சம்பளத்துக்கு அடுத்தபடியாக இதைத்தான் கேட்பார்கள். தோல் தொழில் இங்கே நிறையப் பேருக்குச் சோறு போட்டது, நிலத்தடித் தண்ணீரை உப்பாக்கியது. (எனக்கும் சோறு போட்டதால் நான் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.) உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. எந்த ஆய்வுக்கூடமும் எங்களுக்கு வேண்டாம், ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போதும்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "இன்னா பாய் இப்படிக் கேட்டுட்டே? கால் மணி நேரம் இரு. உன் கண்ணு முன்னாடி வேக வெச்சுக் காட்றேன்."

"உள்ள போவாதீங்க மாமா," என்றான் குணா. "தண்ணி வர்ற எடத்துலயே டெஸ்ட் பண்ணணும். அப்பதான் ரிப்போர்ட்டுக்கு மரியாத."

அடுப்பையும் சிலிண்டரையும் வெளியே இழுத்து வந்தேன். பாத்திரத்தை மூடக் கூடாது என்று மல்லிகா நிபந்தனை போட்டாள். பருப்பைப் போட்டேன். கால் மணி ஆயிற்று. அரை மணியும் ஆயிற்று. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பருப்பு அதில் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது, வெந்நீரில் குளிக்க வந்தது போல.

"ரிப்போர்ட் பிளீஸ்," என்றான் குணா.

"கொதிநிலை எட்டியாச்சு. பருப்பு உறுதியா இருக்கு."

"எந்தக் கடைல வாங்கின பருப்பு மாமா?" என்றாள் மல்லிகா. "பழைய ஸ்டாக்கா இருக்கப் போவுது. ஒண்ணு எடுத்து நசுக்கிக் காட்டுங்க. கேமராவைத் திருப்புங்க, ரொம்ப நேரமா உங்க மூக்குதான் தெரியுது."

கேமராவைப் பின்பக்கம் திருப்பினேன். ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். அது நழுவி, அடுத்த மனையில் போய் விழுந்தது.

"அண்ணா, புல்லட் மாதிரி போவுதே!" என்று சுந்தரம் சிரித்தான்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பாத்திரத்தின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு படிந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. யாரும் போனை வைக்கவும் இல்லை. அவரவர் வீட்டில் சாப்பாட்டு நேரம் வந்தது. மேல்விஷாரத்தில் பிரியாணிக்குத் தம் உடைத்தார்கள். ஆவடியில் கோழிக் குழம்பு. பெங்களூரில் மல்லிகா, ரசம் ஊற்றிய தட்டோடு போன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மூன்று கட்டத்திலும் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். பஷீர் பாய், தொழிற்சாலையில் நான் ஒரு நாள் மானேஜரின் சொந்தச் செருப்பைச் சாம்பிள் என்று பார்சல் செய்து அனுப்பிய கதையைச் சொன்னார். குணா தன் அக்கா அந்தக் காலத்தில் செய்த மீன் குழம்பைப் பற்றிச் சொன்னான். நான் பட்டினியாக, வெயிலில், கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்படி ஒரு மதியம் எனக்கு வாய்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பருப்பு வெந்தால் இது தினமும் நடக்கும். வேகாவிட்டால் இன்றோடு சரி. கரண்டியை வேகமாகக் கிளறினேன்.

ஒன்றே முக்காலுக்கு அடுப்பு பக்கென்று அணைந்தது.

"எரிபொருள் தீர்ந்ததால் சோதனை தற்காலிக நிறுத்தம்," என்று அறிவித்தேன். "உள்ள கரண்ட் அடுப்பு இருக்கு. அதுல வெச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல வர்றேன். யாரும் வெச்சுடாதீங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டேன். பாத்திரத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சமையலறையில் கரண்ட் அடுப்புக்குப் பக்கத்தில் கேன் தண்ணீர் இருந்தது. ஸ்டாண்டில் சாய்ந்து, பிடிக்க வசதியாக, குழாயைக் காட்டிக்கொண்டு இருந்தது.

தனியாக இருக்கிறவர்களுக்குச் சத்தமாகப் பேசும் பழக்கம் வந்துவிடும். எனக்கும் வந்திருந்தது. பெரும்பாலும் சரோஜாவிடம். அவள் படம் சமையலறையில்தான் இருக்கிறது, அங்கேதான் எனக்கு அவளிடம் சந்தேகம் கேட்க வேண்டியிருக்கும். பருப்பை வடிகட்டிக் குக்கரில் கொட்டினேன். கேன் குழாயைத் திறந்தபடி சொன்னேன்:

"மொறைக்காத சரோஜா. ரெண்டு டம்ளர்தான். மொதல்ல இதுங்க நாலு செங்கல்லு வெக்கட்டும். வந்து குடியேறட்டும். அப்புறமா உண்மையச் சொல்லிக்கலாம். வந்தவங்க திரும்பியா போய்டுவாங்க? உனக்கு இன்னா, நீ பாட்டுக்குப் போய்ட்டே. எனக்குப் பேசறதுக்கு யாரு இருக்கா?"

குக்கர் மூடியைப் போட்டேன். வீடு அமைதியாக இருந்தது. அப்போது என் மார்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தோஸ்த், கேனை மூடி வை. ஈ வுழப் போவுது."

பஷீர் பாய்.

போனின் பின்பக்கக் கேமரா எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேல் மூலையில். என் சட்டைப் பை எவ்வளவு ஆழம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கேமராவுக்கு ஒரு விரற்கடை குறைவு. மல்லிகா சொல்லித் திருப்பிய கேமராவை நான் திரும்பப் பழையபடி மாற்றவில்லை. வடிகட்டியது, கேன், குக்கர், சரோஜாவின் படம் எல்லாவற்றையும் மூன்று வீடும் சோற்றில் கை வைத்தபடி பார்த்திருக்கிறார்கள். குணாதான் எல்லோரையும் உஸ்ஸென்று அடக்கி வைத்தானாம்.

போனை வெளியே எடுத்தேன். என் தொழிலில் நான் முப்பத்தாறு வருடமும் பயந்த விஷயம் இதுதான்: வாங்குகிறவன் வந்து, அவன் கண் முன்னால் பெட்டியைத் திறந்து, இரண்டும் இடதாக இருப்பது.

குணா தொப்பியைக் கழற்றினான். "மாமா," என்றான். "அக்கா இன்னா சொல்லிச்சு?"

"வழக்கம்போல," என்றேன். "ஒண்ணும் சொல்லல."

முதலில் சிரித்தது மல்லிகா. ரசம் மூக்கில் ஏறிவிட்டது. அடுத்து பஷீர் பாய் வீட்டில் யாரோ. பிறகு மூன்று கட்டமும் குலுங்கின. குணா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அந்த நேரம் பார்த்து குக்கர் முதல் விசில் அடித்தது, மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சுந்தரம் சொன்னான். "அண்ணா, ஒண்ணு சொல்லட்டா? தண்ணி தேன் மாதிரி வந்திருந்தாலும் நாங்க வந்திருக்க மாட்டோம்ணா. பேரனை ஸ்கூலுக்கு யாரு வுட்றது? மகனும் மருமகளும் ரெண்டு பேருமே வேலைக்குப் போறாங்க."

"ஏங்க, இப்பவா இத்தப் போட்டு ஒடைக்கணும்?" என்று மல்லிகா அவன் தோளில் அடித்தாள்.

"இல்லம்மா, சொல்லட்டும்," என்றேன்.

தனக்கு முட்டி மட்டுமல்ல, சர்க்கரையும் இருக்கிறது, டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது என்றான் குணா. பஷீர் பாய் பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்தார். "நான் விஷாரத்த வுட்டு எங்க தோஸ்த் வரப்போறேன்? ஜமாத்துல பாதிப் பேரு என் சொந்தக்காரன். நீ ஆசையா கேட்டே, சரின்னு பங்கு போட்டேன். இல்லன்னு சொல்ல மனசு வரல." ஆக, மூவரும் பங்கு போட்டது தண்ணீருக்காக இல்லை. வருவதாகச் சொல்லிவிட்டு வராமலிருந்ததற்காக. எல்லோரும் என்னிடம் ஃபினிஷிங்கில் இருக்கிறது என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஏஜென்ட் என்பது எனக்கு மட்டும் தெரியவில்லை.

ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. நான் குக்கரைத் திறந்தேன். பருப்பு வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. நின்றபடியே சாப்பிட்டேன்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. மனைகள் காலியாகத்தான் இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் சோப்பும் நுரைக்காது. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கிணற்றிலிருந்து வேறொன்று கிடைத்தது. யார் எதைப் பெரிதாகச் சொன்னாலும், "கேன் தண்ணியா, போர் தண்ணியா?" என்று கேட்பார்கள். சுந்தரத்தின் பேரனுடைய மார்க்குக்குக் கேட்கிறார்கள். பஷீர் பாயின் பேத்திக்கு வந்த வரனின் போட்டோவுக்குக் கேட்டார்கள். டப்ளினிலிருந்து கவிதா, தனக்குச் சம்பள உயர்வு என்று சொன்னபோது நானே கேட்டேன்.

அந்தத் திறப்பு விழாவுக்கு அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு, என்னைச் சீண்டத்தான், குணா மறுபடி நான்கு பேரையும் வீடியோ காலில் இழுத்தான். "இன்னா மாமா, வெந்துச்சா?" விளையாட்டாக ஒரு விதி போட்டார்கள். நான் போர் தண்ணீரில் பருப்பை வைக்க வேண்டும், அது வேகும்வரை யாரும் போனை வைக்கக் கூடாது, வெந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கலாம். அது இன்றுவரை நடக்கிறது. ஒரு சிலிண்டரை ஞாயிற்றுக்கிழமைக்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

போன வாரம் மல்லிகா சொன்னாள்: "பாவம் மாமா, எவ்ளோ நேரம் நிப்பீங்க? ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுங்க. எப்பேர்ப்பட்ட தண்ணியிலயும் சட்டுனு வெந்துடும்."

"வீட்ல சோடா உப்பு இல்லையேம்மா," என்றேன்.

(இரண்டு பாக்கெட் இருக்கிறது.)